கதவு சொன்ன பதில்

அந்த அடுக்குமாடியின் தண்ணீர்த் தொட்டியில் காலராக் கிருமி இருந்தது. அதைச் சொல்லத்தான் சுகாதாரச் செவிலியர் பொற்கொடி காலையிலிருந்து மாடி மாடியாக ஏறிக்கொண்டிருந்தாள். எந்த வீட்டிலும் ஆள் எட்டிப் பார்க்கவில்லை. வீட்டுக்காரர்களுக்குப் பதிலாக, கணினி பொருத்திய கதவுகளே பேசி அனுப்பின.

“எல்லாரும் நல்லா இருக்காங்க சிஸ்டர்” என்றது மூன்றாம் மாடிக் கதவு.

“தண்ணியக் குடிக்க வேணாம்னு உடனே சொல்லு!”

“இப்ப தொந்தரவு பண்ணக் கூடாது. சாயங்காலம் சொல்லிடறேன்.”

உள்ளே ஒரு குழந்தை வாந்தியெடுக்கும் சத்தம் கேட்டது. பொற்கொடிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விறுவிறுவென்று கீழே இறங்கி, தொட்டியின் வால்வை இறுக மூடினாள்.

சற்று நேரத்தில் அந்த வீட்டுக்காரர் தலையெல்லாம் சோப்பு நுரையோடு பால்கனிக்கு வந்து கத்தினார். “யாரு தண்ணிய நிறுத்தினது?”

“நான்தான்! திட்டுறத அப்புறம் திட்டுங்க. முதல்ல உங்க புள்ளையத் தூக்கிட்டு வாங்க!”

அப்போதுதான் அவர் வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தார்.