கையில்லாத பொம்மை வைத்த தேர்வு

தையல் வகுப்பில் தேர்வு வைக்கிற பொறுப்பு, துணி மாட்டிப் பார்க்கும் பொம்மைக்கு வந்தது. நன்றாக யோசித்து ஒரே ஒரு விதி வைத்தது: ரவிக்கையைத் தன் மேல் போட்டால் சுருக்கமே விழக்கூடாது.

சிவப்பு ரவிக்கை பிடித்து வைத்தாற்போல் நின்றது. தேறி, அன்றைக்கே ஒருத்தி வீட்டுக்குப் போய்விட்டது. பச்சை ரவிக்கைக்கு அக்குளில் ஒரு மடிப்பு.

"இது தேறாது. துடைக்கிற துணியா வெட்டிப் போடு" என்றது பொம்மை.

"கையைத் தூக்கிப் பார்த்தியா அக்கா?" என்று கத்தரிக்கோல் கேட்டது.

"எனக்கேது கை? இத்தனை வருஷத்துல என் மேல ஒண்ணும் கிழிஞ்சதில்லை."

"சரி. இன்னைக்கு வெள்ளிக்கிழமை. நாளைக்கு வெட்டுறேன்."

மறுநாள் காலையில் சிவப்பு ரவிக்கை திரும்பி வந்தது. போட்டுக்கொண்டவள் பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடித்திருக்கிறாள். அக்குளில் இரண்டு பக்கமும் தையல் விட்டுப்போயிருந்தது.

பொம்மைக்குக் கையைப் பிசையக்கூடக் கை இல்லை. கத்தரிக்கோல் பச்சையின் பக்கம் நகர்வதைப் பார்த்துப் பொம்மை மெல்லச் சொன்னது:

"அதை விடும்மா. கொடியில துணி உலர்த்துற யாரையாவது கூப்பிடு. அவ போட்டுக்கிட்டு ஒரு புடவையை உதறிப் போடட்டும். அப்புறம் மார்க் போடலாம்."