அந்தப் பக்கம் மட்டும் பளபளப்பு

"வள்ளம் முழுக்க வெளுத்துக் கெடக்கு. பெண்ணுங்க இருக்க எடத்த மட்டும் கண்ணாடி கணக்கா தேய்ச்சு வச்சிருக்கான். இதுக்கு என்ன அர்த்தம், சொல்லு?"

காப்பி டம்ளரை நங்கென்று வைத்துவிட்டுப் பொரிந்து தள்ளினார் ஜெயசிங் சார்.

"என்ன அர்த்தம்?" என்றாள் அவர் மனைவி புஷ்பபாய்.

"பின்னால நின்னு கழை ஊணும்போ, அந்தப் பளபளப்புல பெண்ணுங்க முகம் தெரியும். அதப் பாக்கதுக்காக்கும்! பஞ்சாயத்து மெம்பர் மோகனன்கிட்ட நேத்தே அவன் மேல பராதி சொல்லியாச்சு. நாளைக்கு அவரு வந்து பாத்து, கடத்த வேற ஆளுக்கு மாத்துவாரு. அது வரைக்கும் நான் அந்த வள்ளத்துல கால் வைக்கமாட்டேன்."

சொன்னபடியே, ஆற்றைக் கடக்காமல் அமரவிளைப் பாலம் சுற்றி ஆபீசுக்குப் பஸ் ஏறிப் போய்விட்டார்.

நெய்யாற்றில் படகு விடுகிற கிருஷ்ணன்குட்டியைப் பற்றித்தான் இத்தனை பேச்சு. ஆளை அக்கரை சேர்க்கிற அந்தக் கடத்து வேலை போனால் அவன் வீட்டில் அடுப்பு எரியாது. ஊரையே அக்கரை சேர்க்கிறவன், ஒருத்தியை ஏறிட்டுப் பார்த்தான் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. அவனா இப்படி?

புஷ்பபாய்க்கு இருப்புக் கொள்ளவில்லை. பக்கத்து வீட்டுக் குக்கர் இன்றைக்கு ஏன் ரெண்டு விசில் கூட அடித்தது என்று கேட்டுவிட்டு வருகிற பிறவி அவள். இதை விடுவாளா? கதவைச் சாத்திவிட்டு நேராக ஆற்றங்கரைக்கு நடந்தாள்.

வள்ளம் கரையில் கிடந்தது. பூவாரில் யாரோ கழித்துப் போட்ட பைபர் வள்ளம். வெயில் பட்டுப் பட்டு மேல்பூச்சு செத்து, மாவு பூத்த தடியங்காய்ப் பூசணி மாதிரி இருந்தது. தொட்டால் கையெல்லாம் வெள்ளைப் பொடி.

பெண்கள் முதுகு சாய்க்கிற உள்பக்கம் மட்டும் அப்படியொரு மினுமினுப்பு! அதன் முன்னால் குந்தியிருந்து, கார் பாலீஷ் பண்ணுகிற காம்பவுண்டைத் துணியில் தொட்டுத் தொட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான் கிருஷ்ணன்குட்டி.

புஷ்பபாய் விரலால் தடவினாள். வழுக்கியது, பொடி ஒட்டவில்லை. குனிந்து முகம் பார்த்தாள். கலங்கலாக ஏதோ தெரிந்தது. அது புஷ்பபாயா பூசணிக்காயா என்று அவளுக்கே பிடிபடவில்லை. இதில் போய் எவன் பெண்ணைப் பார்ப்பான்?

"ஏன் மக்கா, வெளிய நாலுபேரு பாக்க எடத்த விட்டுட்டு இங்க மட்டும் தேய்க்க?"

"முழுசும் தேய்க்கணும் அக்கா. கையால தேய்க்கதில்லியா, மெதுவாத்தான் ஆவும்."

"அது செரி. மொதல்ல ஏன் இந்த எடம்?"

அவன் கையில் துணி முன்னைவிட வேகமாக ஓடியது.

"எலே, நாளைக்கு மெம்பர் வாறாரு. ஒனக்க கடத்து போவப் போவுது. வாயத் தொறந்து காரணத்தச் சொல்லு!"

"போனா போவட்டும் அக்கா. எனக்குச் சொல்லதுக்கு ஒண்ணும் இல்ல."

அவன் முகம் வாடிவிட்டது. புஷ்பபாய்க்குப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் வந்தது. கடத்து போனாலும் பரவாயில்லை என்று மறைக்கிற அளவுக்கு அப்படி என்ன ரகசியம்?

அந்நேரம் ஷிஜி வந்தாள். அக்கரையில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிற பெண். கருநீல யூனிபார்ம் சாரி. புஷ்பபாயும் அவளோடு வள்ளத்தில் ஏறி, ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். வேறு ஆள் இல்லை. நடு ஆற்றில் மெல்லக் கேட்டாள்.

"இந்தப் பளபளப்பு ஆருக்கு மக்கா?"

ஷிஜி முதலில் தயங்கினாள்.

"முன்ன இங்க சாஞ்சா முதுகெல்லாம் வெள்ளப் பொடி அக்கா. கரையில எறங்குனதும் ஒரு ஆளு, 'நில்லு மக்கா, பொடி பட்டிருக்கு, தட்டி விடுகேன்'னு வருவாரு. தோளுல தொடங்குவாரு. பொடி போன பெறவும் அந்தக் கை போவாது."

"அட நாசமாப் போவான்! நீ சத்தம் போட்டிருக்கலாமே?"

"உதவிதானே செய்யுதாருன்னு எல்லாரும் சொல்லுவாவ. எனக்கு மட்டும் இல்ல, வேற பெண்ணுங்களுக்கும் இதே கததான். ஒருநாள் இந்த வள்ளக்கார அண்ணன் பாத்துட்டாரு. எங்கிட்ட ஒண்ணும் கேக்கல. மறுநாளே காம்பவுண்டு வாங்கிட்டு வந்து இங்க தேய்க்கத் தொடங்கியாச்சு. இப்பம் பொடியும் இல்ல, தட்டி விட ஆளும் வரல."

புஷ்பபாய்க்கு மேலெல்லாம் எரிந்தது. இவ்வளவு நல்ல காரியம் பண்ணினவனுக்கா கடத்து போக வேண்டும்?

"ஆரு அவன்? பேரச் சொல்லு. இவனுக்குக் கடத்து போவாம நான் பாத்துக்கிடுகேன்."

"ஷிஜி, வேண்டாம்!" பின்னால் கழையை ஊன்றியபடியே நின்றுவிட்டான் கிருஷ்ணன்குட்டி. "அக்காகிட்ட மட்டும் வேண்டாம்."

ஷிஜிக்குக் கண் நிறைந்துவிட்டது. "எங்களுக்காகச் செய்யப் போயி ஒங்க பொழப்பு போவுது. நான் எப்பிடி அண்ணே வாய் மிண்டாம இருப்பேன்?"

புஷ்பபாயின் காதோடு வாயை வைத்துப் பேரைச் சொன்னாள்.

கிருஷ்ணன்குட்டி தலையைக் குனிந்துகொண்டு மறுபடி கழையை ஊன்றினான். அக்கரை வந்ததும் புஷ்பபாய் இறங்கி, விடுவிடுவென்று மெம்பர் வீட்டுக்கு நடந்தாள்.

"வாங்க அக்கா," என்றார் மோகனன். "அந்தக் கடத்துக்காரன் மேல உள்ள பராதிதானே? சாரு நேத்தே எல்லாம் சொல்லீட்டாரு. அதுக்குப் போயி நீங்க வேற வெயிலுல வரணுமா?"

"அந்தப் பராதி இல்ல மெம்பரே," என்றாள் புஷ்பபாய். "நான் வந்தது எனக்க வீட்டுக்காரரு மேல பராதி சொல்லதுக்காக்கும்."