நாலு வேளைத் தீவனம்

ஒரு பட்டியில் செவலை, புள்ளி என்று இரண்டு செம்மறிக் குட்டிகள் அடுத்தடுத்த தடுப்பில் வளர்ந்தன. எப்படிப் போட்டால் உடம்பு வைக்கும் என்று பார்க்க, பட்டிக்காரர் செவலைக்கு ஒரு கூடைத் தீவனம் முழுவதையும் காலையிலேயே கொட்டிவிடுவார். புள்ளிக்கு அதே அளவை நாலு வேளையாகப் பிரித்து வைப்பார்.

பக்கத்துத் தொட்டியில் தீவனம் விழும் சத்தம் கேட்கும்போதெல்லாம் செவலைக்கு வயிறு எரியும்.

"உன்மேலதான் அவருக்குப் பாசம். நாலு தடவை வர்றாரே!"

"எனக்கு எப்பவும் அரை வயிறுதான். உன் குவியலைப் பார்த்து நான்தான் ஏங்குறேன்" என்றது புள்ளி. செவலை நம்பவில்லை. தான் நோஞ்சானாகிவிட்டோம், இனி யாரும் மதிக்கமாட்டார்கள் என்றே மருகிக்கொண்டிருந்தது.

ஒருநாள் வியாபாரி வந்தார். இரண்டையும் எடை போட்டு, முதுகை அழுத்திப் பார்த்தார்.

"எடையில வித்தியாசமே இல்ல. கறியும் ஒண்ணுபோலத்தான் இருக்கும். ரெண்டையும் வண்டியில ஏத்துங்க" என்றார் அவர்.

அப்பாடா என்றிருந்தது செவலைக்கு.

"கறின்னா என்னடா?" என்று கேட்டது புள்ளி.

"எதுவா இருந்தா என்ன? உனக்கும் எனக்கும் ஒண்ணுதான்னு சொல்லிட்டாரே!" என்று துள்ளியபடி, செவலை முதல் ஆளாக வண்டியில் ஏறியது.