ஆணி அடித்த இடம்

வேலிக்குள்ளே நாற்பது ஆடுகள் சாவகாசமாக மேய்ந்துகொண்டிருந்தன.

அதைப் பார்த்ததும் அரசு ஆய்வாளர் பெர்மெத் ஜீப்பிலிருந்து இறங்கிய வேகத்தில் கதவைக்கூடச் சாத்தவில்லை. நாரின் நகரத்திலிருந்து நாலு மணி நேரம் குலுங்கிக் குலுங்கி வந்தது இதைப் பார்க்கவா?

"பெரியவரே, இது என்ன அநியாயம்? ஆடு விடக் கூடாதுன்னு போர்டு வெச்சிருக்கே, தெரியலையா?"

ஆட்டுக்காரர் கோலில் சாய்ந்தபடி நின்றார். அறுபது வயது இருக்கும்.

அந்த மலைச்சரிவில் நிலக்கரிச் சுரங்கம் தொடாமல் விட்டது இந்தத் துண்டு நிலம் ஒன்றுதான். தோண்டி முடித்து, மண் போட்டு மூடி, புல் விதைத்த இடத்தை இதோடுதான் ஒப்பிட வேண்டும். இங்கே பத்துப் பங்கு புல் இருந்தால் அங்கே ஏழு பங்காவது வேண்டும். இருந்துவிட்டால் கம்பெனி கைகழுவிவிட்டுப் போகலாம். இல்லாவிட்டால் இன்னும் மூன்று வருஷம் மண் கொட்டி விதைக்க வேண்டும்.

தோண்டி மூடிய அந்த இடம்தான் ஊராரின் குளிர்கால மேய்ச்சல் நிலம். இங்கே மொட்டையடித்துவிட்டால், அங்கே முளைத்திருக்கும் நாலு புல்லும் தோட்டமாகத்தான் தெரியும். சொந்த ஊருக்குத் தானே கொள்ளி வைக்கிறாரே இந்த மனுஷர் என்று நினைத்தாள் பெர்மெத்.

"இந்த ஜனங்களே இப்படித்தான் அக்கா," என்றார் கம்பெனி மேலாளர் கூபத், பின்னாலேயே வந்து. "நாம நல்லது செய்வோம், இவங்க மேய்ச்சுட்டுப் போவாங்க. யார் வீட்டு ஆடோ என்னவோ."

ஆட்டு நாய் பெர்மெத்தைப் பார்த்து உறுமியது. கூபத்திடம் போய் வாலாட்டி, அவர் கோட்டுப் பையை மோந்து பார்த்தது.

"ச்சீ, போ," என்று காலால் தள்ளினார் கூபத்.

பெர்மெத் நாயைப் பார்த்தாள். கூபத்தைப் பார்த்தாள். பிறகு ஆட்டுக்காரரிடம் திரும்பினாள்.

"உங்க பேரைச் சொல்லுங்க. புகார் எழுதணும்."

பெரியவர் ஆடுகள் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மரச் சட்டத்தை எடுத்துக்கொண்டு நிலத்துக்குள் நடந்தாள். ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம். அதற்குள் எத்தனை புல், என்ன புல் என்று எண்ண வேண்டும். எண்ண வேண்டிய இடத்தில் போன வருஷம் அவளே ஒரு இரும்பு ஆணி அடித்திருந்தாள்.

ஆணியைக் காணோம். தரையெல்லாம் ஆடு கடித்த புல்லின் அடிக்கட்டை. நடுவில் யாரோ முள்ளை வெட்டி இடுப்புயரத்துக்குக் குவித்து வைத்திருந்தார்கள். குப்பை கொட்டவும் இந்த இடம்தானா கிடைத்தது?

"ஆணி எங்கே, கூபத்?"

"ஆடு மிதிச்சுத் தள்ளியிருக்கும். எங்கே வெச்சா என்ன அக்கா, எல்லாம் ஒரே புல்தானே? சீக்கிரம் எண்ணிடுங்க. ஆபீஸ்ல குதிரைப்பால் குமிஸ் ஊத்தி வெச்சாச்சு, கறி ஆறிடும்."

ஆணி தொலைந்தால் பக்கத்தில் எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம் என்று விதியிலும் இருந்தது. பெர்மெத் மண்டியிட்டாள். மொட்டைத் தரையில் சட்டத்தை வைக்கக் கை வரவில்லை. இங்கே எழுதுகிற எண்ணில் ஒரு ஊரின் நிலம் போய்விடும்.

அப்போதுதான் ஆட்டுக்காரர் வாயைத் திறந்தார்.

"ஐயா, அடுப்புக்கு விறகில்லை. அந்த முள்ளை எடுத்துக்கட்டுமா?"

"எடுத்துக்கிட்டு முதல்ல இடத்தைக் காலி பண்ணும்," என்றார் கூபத்.

பெரியவர் அவசரப்படவில்லை. கோலால் ஒவ்வொரு கிளையாகத் தூக்கி, கீழே இருந்ததை மிதிக்காமல் ஒதுக்கினார்.

உள்ளே முழங்கால் உயரத்துக்குப் புல் நின்றது. ஆட்டுவாய் படாத புல். அதன் நடுவே துருப்பிடித்த ஆணித் தலை.

பெர்மெத் எழுந்து போய்ச் சட்டத்தை அதன்மேல் இறக்கினாள். நாலு பக்கமும் அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி உட்கார்ந்தது.

"அக்கா, இது முள்ளு நிழல்ல வளர்ந்தது," என்று இழுத்தார் கூபத். "இதைப் போய் கணக்குல..."

"ஆணி இங்கேதானே இருக்கு, கூபத்."

கூபத் செல்போனை எடுத்துக்கொண்டு ஜீப் பக்கம் போனார். அவள் எண்ணி முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. பெரியவர் ஆடுகளை வேலிக்கு வெளியே ஓட்டிவிட்டு, முள்ளைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"ஆடு கூபத்தோடதுதானே?" என்றாள் மெதுவாக.

"நாய்க்கே தெரிஞ்சது, உங்களுக்குத் தெரியாதா மகளே?"

புகார்த் தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். அவரைப் பேசியதெல்லாம் நினைவுக்கு வந்து வெட்கமாக இருந்தது.

"நாளைக்கு உங்களுக்கு வேலை இருக்காதே. மேய்க்க மாட்டேன்னு முதல்லயே சொல்லியிருக்கலாமே, பெரியவரே?"

"சொல்லியிருக்கலாம். வேற ஆளை அனுப்பியிருப்பாரு," என்று முள்கட்டைத் தோளில் ஏற்றினார் அவர். "அவன் முள்ளு போட்டிருக்க மாட்டானே."