ஒரு நிமிஷ இருட்டு

"அண்ணே, இன்னிக்கும் பாதி வழியில நிறுத்துனீங்கன்னா, நாளைக்கு இந்த நாற்காலியில வேற ஆள்தான் உட்காருவாங்க. சொல்லிட்டேன்!"

புதிதாக மாற்றலாகி வந்த இன்ஜினியரம்மா காலையிலேயே கறாராகச் சொல்லிவிட்டாள். பாரம் தூக்கி இறக்கும் விஞ்ச் மெஷினை ஓட்டுபவர் தலையைச் சொறிந்தார். ஊருக்கே அவர் 'பிரேக் அண்ணன்'.

மூடிக்கிடந்த பழைய சுரங்கம் அது. பகலில் சூரிய மின்சாரம் மிஞ்சும்போது, வீட்டளவு கான்கிரீட் கட்டி ஒன்றைக் குழியின் வாய் வரைக்கும் தூக்கி வைப்பார்கள். பொழுது சாய்ந்ததும் மெல்ல இறக்குவார்கள். அது இறங்க இறங்க ஜெனரேட்டர் சுற்றும், ஊரில் விளக்கு எரியும்.

ஆனால் தினமும் பாதி வழியில் அண்ணன் பிரேக்கைப் போட்டுவிடுவார். ஒரு நிமிஷம் ஊரே இருட்டு.

"பீடி பிடிக்கவா நிறுத்துறீங்க?"

"ஐயையோ, அந்தப் பழக்கமே இல்ல மேடம். அது வந்து... அந்த இடத்துல..."

"வந்தாவது, போயாவது! கயிறு நல்லா இருக்கு, மெஷின் நல்லா இருக்கு, நீங்கதான் சரியில்ல. இன்னொரு தடவை கரண்ட் போச்சுன்னா இதை மூடிட்டு டீசலுக்கே போயிடுவோம்னு தலைமை ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. நான் விடமாட்டேன்!"

"ஊர்ல யாராவது புகார் சொன்னாங்களா மேடம்?"

"அவங்களுக்குச் சொரணை இல்லன்னா நானும் சும்மா இருக்கணுமா?"

அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஊர்ப்பக்கம் நடந்தார்.

மாலையில் அவர் முதுகுக்குப் பின்னாலேயே காவல் நின்றாள். கட்டி இறங்கியது. வழக்கமான இடம் நெருங்கியதும் அவர் கை தன்னாலே பிரேக் பக்கம் போனது.

"தொடாதீங்க!"

கை மடிக்குத் திரும்பியது. கட்டி நிற்காமல் இறங்கியது. அவளுக்கு அப்பாடா என்றிருந்தது.

"பார்த்தீங்களா? மனசு வெச்சா..."

சொல்லி முடிப்பதற்குள் மீட்டர் முள் சடாரென்று சரிந்தது. இறங்கிக்கொண்டிருந்த கட்டி ஊர ஆரம்பித்தது.

"ஐயோ, லைன் அறுந்துடுச்சா?"

ஜன்னலுக்கு ஓடினாள். பேக்கரி, பஸ் ஸ்டாண்ட், மாடி வீடுகள் என்று விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டிருந்தன. ஆஸ்பத்திரியிலும் இந்த அறையிலும் மட்டும்தான் வெளிச்சம்.

"லைன் நல்லாத்தான் இருக்கு மேடம். கரண்ட் போகல. வாங்கிக்கத்தான் ஆள் இல்ல."

"என்னதான்ணே இருக்கு அந்த இடத்துல?" இதை அவள் கேட்பது இதுதான் முதல் தடவை.

"சுரங்கம் சரிஞ்சப்ப மாட்டிக்கிட்டவங்க மேடம். உடம்பைக்கூட வெளிய எடுக்க முடியல. பாரம் அவங்களைத் தாண்டுற நேரம் ஊரே விளக்கை அணைச்சிட்டு உட்காரும். வயசானவங்க தினமும் எந்திரிச்சுப் போய் அணைக்கச் சிரமப்படுறாங்களேன்னு, நான்தான் இங்கிருந்தே நிறுத்திக்கிட்டு இருந்தேன்."

அவள் இருண்ட ஊரைத் திரும்பிப் பார்த்தாள். "அப்போ இன்னிக்கு எப்படி எல்லாரும்...?"

"காலையில நீங்க சொன்னதுமே வீடு வீடாப் போய்ச் சொல்லிட்டேன் மேடம். 'இனிமே மெஷின் நிக்காது, சிரமம் பார்க்காம நீங்களே அணைச்சிக்குங்க, நம்ம மேடத்துக்குக் கெட்ட பேர் வரக் கூடாது'ன்னு."