லைமனின் முதல் கழுகு

"கழுகு மேல கை வைக்காதே!"

லைமன் ஹாஸ்கெட் போட்ட சத்தத்தில் டெஸ்ஸாவின் கையிலிருந்த பஞ்சு கீழே விழுந்தது.

அவள் அருங்காட்சியகத்திலிருந்து வந்திருந்தாள். பழைய ஓவியங்களைச் சுத்தம் செய்கிற வேலை. ஐம்பது வருடமாக வயோமிங்கின் மலைகளையும் மேய்ச்சல் நிலங்களையும் வரைந்து தள்ளிய லைமனுக்குத் தனிக் கண்காட்சி வைக்கப் போகிறார்கள். அதில் முதலில் தொங்கப் போவது அவர் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் இந்தப் படம். கீழே கையகலத்துக்கு மலை, மேலே முழுக்க வானம். அந்த வானத்தில் ஒரே ஒரு கழுகு.

"தூசியைத்தான் சார் எடுக்கப் போறேன்."

"எங்க வேணா எடு தாயி. கழுகை மட்டும் விட்டுடு."

சமையலறையில் 'பட்' என்று ஓர் அடி விழுந்தது.

"என் பெண்டாட்டி வெர்னா," என்றார் லைமன். "வெயில் காலம் வந்தா ஈ அடிக்கிற மட்டையும் கையுமாத்தான் திரிவா. ஈன்னாலே அவளுக்கு ஆகாது."

டெஸ்ஸா உருப்பெருக்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தின் அருகே குனிந்தாள். குனிந்தவள் நிமிரவே இல்லை.

"சார்... இந்தக் கழுகுக்கு ஆறு கால் இருக்கு."

எழுபத்தாறு வயது மனிதர் ஒரே பாய்ச்சலில் போய்ச் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"மெதுவாப் பேசு! வெட்டவெளியில நின்னு வரைஞ்சா, ஈரப் பெயின்ட்ல ஈ ஒட்டத்தானே செய்யும்? காய்ஞ்சதும் கத்தியால தட்டி விட்டுக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள குதிரையில ஒரு டீச்சர் பொண்ணு வந்தா. படத்தைப் பார்த்தா. 'இம்மாம் பெரிய வானத்துல அந்தக் கழுகு தனியா என்ன தைரியமாப் பறக்குது பாருங்க'ன்னு கண் கலங்கிட்டா."

"வெர்னா மேடமா?"

"வேற யாரு? அந்த நேரத்துல போய், 'அம்மா, அது குதிரை ஈ'ன்னு எவனாவது சொல்வானா? ரெண்டே மாசத்துல கல்யாணம். அப்புறம் எந்தப் படம் வரைஞ்சாலும் 'கழுகு எங்கே?'ம்பா. ஆயிரத்துச் சொச்சம் படத்துல கழுகு போட்டேன். பத்திரிகைக்காரன் எனக்குக் 'கழுகு ஹாஸ்கெட்'னே பேர் வச்சுட்டான். நான் வரையாத ஒரே கழுகு இதுதான்!"

டெஸ்ஸா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆனால் படத்தின் நிலையைக் குறித்துவைக்கும் அருங்காட்சியகப் படிவத்தை அவள் எடுத்ததும் லைமனின் முகம் வாடிப்போனது.

"அதுல என்ன எழுதுவே?"

"படத்துல ஒட்டியிருக்கறது, உதிர்ந்தது எல்லாம் எழுதணும் சார். படத்துக்குச் சொந்தக்காரங்க படிச்சுக் கையெழுத்துப் போடணும்."

"கல்யாணப் பரிசா அவளுக்குக் கொடுத்த படம் இது. கையெழுத்து அவதான் போடணும்." லைமன் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "ஈன்னு எழுதினா நாற்பத்தெட்டு வருஷமும் பொய்யாயிடும். வேண்டாம்மா. படம் இங்கேயே இருக்கட்டும். கண்காட்சியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

டெஸ்ஸா பேனாவைத் திறந்து எழுதினாள்: 'கழுகு ஒன்று. நல்ல நிலையில் உள்ளது.'

லைமன் அவள் கையைப் பிடித்துக் குலுக்கிய குலுக்கலில் பேனாவே எகிறிப் போனது.

வெர்னா படிவத்தை வரி விடாமல் படித்தாள். கழுகு என்ற இடத்தில் விரலை வைத்துப் புன்னகைத்தாள். கையெழுத்துப் போட்டுவிட்டு, எல்லோருக்கும் காபியும் சோள ரொட்டியும் கொடுத்தாள். லைமன் மூன்று துண்டு தின்றார்.

படம் வேனில் ஏறியது. லைமன் வாசலில் நின்று கையசைத்துக்கொண்டிருக்க, வெர்னா டெஸ்ஸாவை வேனின் மறுபக்கம் இழுத்துக்கொண்டு போய், ஒரு தீப்பெட்டியை அவள் கையில் திணித்தாள்.

டெஸ்ஸா திறந்து பார்த்தாள். பஞ்சின் மேல், இறக்கை சிதையாமல் மூன்று பெரிய ஈக்கள்.

"வண்டி ஆட்டத்துல கழுகு உதிர்ந்தா, ஒரு சொட்டுப் பசை வச்சு ஒட்டிடும்மா," என்று கிசுகிசுத்தாள் வெர்னா. "நானே இதுவரைக்கும் ஏழு தடவை மாத்திட்டேன். கிழவனுக்கு மட்டும் தெரியக் கூடாது... பாவம், தாங்க மாட்டான்."