வெளிச் சத்தம்

இரண்டாவது அடியில் கண்ணாடி ஷோகேஸ் முழுசாகச் சரிந்தது. மூன்றாவது அடி ஃபுர்கானின் இடது முழங்கையில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் அவனுக்கே கேட்டது.

அடித்த ஆளை அவன் அதற்குமுன் பார்த்ததில்லை. ஐம்பது வயதிருக்கும். கையில் வீல் ஸ்பேனர். சட்டையின் முன்பக்கமெல்லாம் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. எவனையோ தீர்த்துவிட்டு நேராக இங்கே வந்திருக்கிறான் என்று ஃபுர்கான் நினைத்தான். ஆலங்காயம் பஸ் ஸ்டாண்ட் எதிரே பதினோரு வருஷமாக செல்போன் கடை வைத்திருக்கிறான். குடித்துவிட்டுத் தகராறு செய்தவர்கள்கூட இப்படி வாயைத் திறக்காமல் அடித்ததில்லை.

"இன்னா வேணும் உனக்கு? எது வேணுமோ எடுத்துக்கினு போ! என்ன வுட்ரு!"

அந்த ஆள் சட்டைப் பைக்குள் கையை விட்டு எதையோ எடுத்து அவன் முகத்தில் எறிந்தான். மேஜைமேல் விழுந்து உருண்டது வயரில்லாத ஒரு இயர்போன். அதன் ரப்பர் முனையிலும் ரத்தம்.

"இத நீதான வித்த? எம் பொண்ணு நதியாவுக்கு நீதான வித்த?"

ஃபுர்கானுக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. போன வியாழக்கிழமை காவலூர் பக்கமிருந்து வந்த பெண். டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவதைக் கேட்டு, வீட்டிலிருந்தே டைப் அடித்துக் கொடுக்கும் வேலை என்றாள்.

"எட்டு மணி நேரம் மாட்டியிருந்தாலும் காது நோவக் கூடாது பாய். ஒரு மருந்து பேர் தப்பாக் கேட்டுட்டா என் வேலையே பூடும்."

ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து தேர்ந்தெடுத்தாள். முதலாவது பத்தே நிமிஷத்தில் காதை அழுத்தியது. அடுத்தது டமடமவென்று அதிர்ந்ததே தவிர, பேச்சு தெளிவாக இல்லை. இன்னொன்று அவளுடைய பழைய லேப்டாப்போடு சேரவே மாட்டேன் என்றது. கடைசியாக, இருப்பதிலேயே விலை கூடியதை எடுத்து, சின்ன ரப்பர் முனை மாட்டிக் கொடுத்தான். தலையை ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை. போன், லேப்டாப் இரண்டிலும் உடனே சேர்ந்துகொண்டது.

"வெளிச் சத்தம் ஒரு பொட்டு கேக்காதும்மா" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, வாசலில் நின்ற தன் பைக்கின் ஹாரனை விடாமல் அழுத்திக் காட்டினான். அவள் திரும்பவேயில்லை. பாட்டைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

வெளிச் சத்தத்தை உள்ளே விடவும் அதில் ஒரு வசதி உண்டு. ரோட்டில் போகும்போது அதைப் போட்டுக்கொள்ளச் சொல்ல வாயெடுத்தான். அதற்குள் ஒருவர் உடைந்த டிஸ்ப்ளேயை நீட்டினார். காவலூர் பஸ்ஸும் வந்துவிட்டது. அவள் ஓடிவிட்டாள்.

"ரோட்டோரமாத்தான் நடந்துச்சு" என்றான் அந்த ஆள். "இத காதுல மாட்டிக்கினு நடந்துச்சு. ஆறு தபா ஹாரன் அடிச்சும் திரும்பலடா! ஆறு தபா!"

ஸ்பேனர் ஃபுர்கானின் விலாவில் இறங்கியது. மூச்சு அடைத்துக் கண்ணாடித் தூள்மேல் விழுந்தான்.

காலையில் டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். காவலூர் ரோடு இறக்கத்தில், சாமை மூட்டை ஏற்றிவந்த லோடு வேன் பிரேக் பிடிக்காமல் ஒரு பெண்ணை அடித்துவிட்டதாம். ஆள் அங்கேயே முடிந்துவிட்டதாம். கேட்டு 'த்ச்சு' என்றுவிட்டு வந்து கடையைத் திறந்திருந்தான்.

ஸ்பேனர் மறுபடி உயர்ந்தது. பக்கத்துக் கடையில் ஜூஸ் பிழியும் தேவயானி முழுக்கரும்போடு ஓடிவந்து அந்த ஆளின் மணிக்கட்டில் ஓங்கிப் போட்டாள். ஸ்பேனர் தெறித்து விழுந்தது. பஸ் ஸ்டாண்டிலிருந்து ஓடிவந்த இரண்டு பேர் அந்த ஆளைக் கீழே தள்ளி, மூக்கிலும் வாயிலும் மாறி மாறி மிதித்தார்கள். அந்த ஆள் தடுக்கக் கையைக்கூடத் தூக்கவில்லை.

"வுடுங்க, செத்துடப் போறான்!" ஃபுர்கான் கத்தினான். முறிந்த கையை மடியில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்தான். வலியைவிட அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது.

"நான்தான் வித்தேன். ரோட்டுல போடாதம்மான்னு ஒரு வார்த்த சொல்லல. அது எந் தப்புதான். சாவற வரைக்கும் அது என்ன வுடாது." குரல் உடைந்தது. பிறகு கோபமும் சேர்ந்துகொண்டது. "ஆனா வேன ஏத்துனவன் ஒருத்தன் கீறானே? அவன வுட்டுட்டு என்ன வந்து அடிக்கிறியே, இது நாயமா?"

"அதான?" என்றாள் தேவயானி மூச்சிரைக்க. "அந்த வேன்காரன் கைய கால ஒடச்சிருந்தா நாங்களே உனக்குத் தொணைக்கு வந்திருப்போம்!"

கீழே கிடந்த ஆள் தலையைத் தூக்கினான். கன்னத்தில் கண்ணாடிச் சில்லு குத்தியிருந்தது. அதை அவன் எடுக்கவில்லை. ஃபுர்கானையே பார்த்தான். ரத்தம் வழிந்த உதடு இரண்டு முறை அசைந்தது, சத்தம் வரவில்லை.

மூன்றாவது முறை வந்தது.

"ஓட்னதே நான்தான் பாய்."